மதகைத் தாண்டாத மீன்கள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மண் பார்ப்பது, செடி தேர்ந்தெடுப்பது, வரைபடம் போடுவது எல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் மேசைக் கணினியில் ஒரு காடு நீங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் வளர்ந்து பெரிதாகிவிடுகிறது. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். கணினி ஒன்று சொல்லும். கண்ணெதிரே இருக்கும் நிலம் வேறொன்று சொல்லும். முடிவைச் சொல்லுங்கள் என்று ஆட்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் திரும்பிக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். இந்த வேலையில் நிலைத்தால் அப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், பூங்காக்களை வடிவமைக்கும் ஒரு சிறிய லேண்ட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கடைவீடு ஒன்றின் மாடியில் அலுவலகம். கீழே பெயிண்டுக் கடை. முதலாளி சீனர், நல்ல மனிதர், நேரத்தை வீணாக்கமாட்டார். கணக்கு வழக்குப் பார்க்க அவர் ஒரு கணினி வாங்கிப் போட்டிருந்தார். கணக்கெழுதும் பெண் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அது துணி மூடிச் சும்மா இருக்கும்.

அப்போது எங்கள் வரைபடங்களில் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. பூங்கா திறக்கும் நாளன்றே மரங்களெல்லாம் முழு வளர்ச்சியோடு நிற்பதுபோல வரைவோம். ஐந்து வருடம் கழித்து எது எதை மூடும், எது நிழலில் சாகும், தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சொல்லவும் எங்களுக்குத் தெரியாது. மரம் நட்டுப் படம் எடுத்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது அந்தச் செடிகளின் பாடு.

கோலாலம்பூரில் நடந்த ஒரு பட்டறைக்கு முதலாளி என்னை அனுப்பினார். அங்கேதான் அவரைப் பார்த்தேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவர் கூச்சமுள்ளவர். கிழக்குக் கரையில் ஒரு கல்லூரியில் மீன்வளம் கற்பித்துக்கொண்டிருந்தார். பிறந்தது இங்கேதான், தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். கடலோரக் கழிமுகம் ஒன்றை அவர் கணினிக்குள் வைத்திருந்தார். கடல் ஏறுவதும் இறங்குவதும், சேறு சேர்வதும், அலையாத்தி மரம் வளர்வதும் அதில் இருந்தன. அந்த மரத்தை இங்கே எல்லோரும் பாக்காவ் என்போம். இலை விழும், நண்டு அதைத் தின்னும், மீன் வரும், கொசுப்புழு பெருகும், மீன் அந்தப் புழுவைத் தின்னும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. எல்லாக் கணக்கையும் சேர்த்து ஓட்டினால் திரையில் சில கோடுகள் ஏறி இறங்கும். அவ்வளவுதான். படம் கிடையாது, நிறம் கிடையாது.

மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் மதியச் சாப்பாட்டின்போது அவர் எதிரே போய் உட்கார்ந்து, இதை வைத்து ஒரு பூங்காவை வடிவமைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"முடியும் மிஸ்," என்றார். "ஆனா ஒண்ணு. இது காட்டைக் காட்டாது. காட்டைப் பத்தி நாம என்ன நெனைச்சிக்கிட்டு இருக்கோமோ அதைத்தான் காட்டும்."

அந்த ஒரு நாள்தான் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லாம் தபாலிலும் தொலைபேசியிலும் நடந்தது. அவர் புரோகிராமை ஃபிளாப்பி டிஸ்க்கில் போட்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புவார். நான் பினாங்குக் கடலின் ஏற்ற இறக்கத்தையும் மழையையும் அதில் போட்டு ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் பேசுவோம். எந்தக் கோடு எங்கே ஏறியது, ஏன் ஏறியது, அது நம்பும்படி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் தண்ணீர், பிறகு சேறு, பிறகு மரம், கடைசியில் உயிர்கள்.

நான் டத்தோ கிராமாட்டில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தம்பி ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டான். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் நான் மதியத்துக்குப் பிறகு அந்தக் கணினி முன்னால் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியமும் இல்லை. இந்த நாட்டில் நான் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டு பேச ஒரே ஒருவர் இருந்தார், அவர் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவருக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு. எங்கள் பேச்சில் சேறும் மீனும் தவிர வேறெதுவும் வந்ததில்லை. ஆனாலும் வாரம் முழுவதும் நான் பார்ப்பதையெல்லாம் அவரிடம் சொல்வதற்கென்று சேர்த்துவைப்பேன். பேசி முடித்து ஃபோனை வைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம் நீளமாகக் கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நிபோங் திபால் பக்கம், கடலோரத்தில் ஒரு வீடமைப்புத் திட்டம் எங்களிடம் வந்தது. பழைய தோட்ட நிலம். கடல் உள்ளே வராமல் இருக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட மண்கரையும் அதில் ஒரு மதகும் இருந்தன. கரைக்கு உட்புறம் ஒரு பெரிய பள்ளம். அதை ஏரியாக்கி நடுவில் நீரூற்று வைக்க வேண்டும் என்பது வீடு கட்டும் நிறுவனத்தின் ஆசை. விளம்பரத் தாளில் ஏற்கெனவே நீல நிறத்தில் ஏரியை அச்சடித்துவிட்டார்கள்.

நான் அந்தப் பள்ளத்தைக் கணினிக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மதகை மூடி நன்னீர் ஏரியாக்கினால் இரண்டு வறட்சிக்கு மேல் தாங்கவில்லை. பாசி ஏறி, மீன் செத்து, தண்ணீர் நாறிவிடும் என்றது. மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டு, பாக்காவ் மரங்களை நட்டு, மரப் பாலத்தில் ஆட்கள் நடந்து பார்க்கும்படி செய்தால் நிலைக்கும் என்றது. எத்தனையோ விதமாக மாற்றி ஓட்டினேன். அவரும் அங்கே ஓட்டிப் பார்த்தார். பதில் மாறவில்லை.

முதலாளி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ஊரே சகதி என்று ஒதுக்கும் ஒன்றைப் பூங்கா என்று விற்கச் சொல்கிறாயே என்றார். பிறகு, இந்த மெஷின் சொன்னது தப்பாகப் போனால் அங்கே போய் நின்று பதில் சொல்வது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் தலையாட்டினார். நீரூற்றும் பம்ப்பும் வேண்டாம், அந்தச் செலவு மிச்சம் என்றதும் வீடு கட்டும் நிறுவனமும் சம்மதித்துவிட்டது.

மரங்கள் பிடித்தன. வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். பழைய தோட்டத்து ஆட்களுக்கும் கடைசி வரிசையில், நீர்ப்பக்கமாக, சிறிய வீடுகள் கிடைத்தன. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். பினாங்குத் தீவுக்குக் கடல்மேல் பாலம் கட்டிய பிறகும் நான் ஃபெரியில்தான் போவேன். பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் பிடித்துப் போய், கன்றுகளின் உயரத்தை அளந்துகொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்வேன். கணினி சொன்ன கோட்டை ஒட்டியே அவை வளர்ந்துகொண்டிருந்தன. அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு வறட்சிக் காலத்தில் அங்கே கொசு பெருகியது.

முதலில் புகார்தான் வந்தது. பிறகு கடைசி வரிசையில் இருந்த பாக்கியம் என்ற அம்மாவின் மகளை டெங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாளே குடியிருப்பின் பொது மண்டபத்தில் கூட்டம். எங்கள் நிறுவனத்திலிருந்து நான் மட்டும் போயிருந்தேன். மாவட்டச் சுகாதார அதிகாரி வந்திருந்தார். மலாய்க்காரர், மரியாதையாகப் பேசுபவர். புழுவைக் கொல்லத் தண்ணீர் முழுவதும் எண்ணெய் அடிக்கப்போகிறோம், அப்படியும் அடங்காவிட்டால் பள்ளத்தை மண்போட்டு மூடச் சொல்லி எழுதுவேன் என்றார். எண்ணெய் அடித்தால் உள்ளே இருக்கும் உயிர்கள் செத்துவிடும், மரங்களின் மூச்சுவேர்கள் அடைபட்டுவிடும். மூடுவதற்கு முன்பே அது முடிந்த கதை.

நான் எழுந்து, கணக்குப்படி இங்கே இவ்வளவு கொசு இருக்கக்கூடாது என்று தொடங்கினேன். முன் வரிசையில் இருந்த பாக்கியம் என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சாயங்காலம் ஆனா பினாங்குக்குப் போயிருவீங்க மிஸ். நாங்க இங்கதான் படுக்கணும்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். டெங்கிக் கொசு உப்புத் தண்ணீரில் வளராது. வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலும் பூச்சட்டியிலும் வளரும். அது எனக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். அதை அந்தக் கூட்டத்தில் சொன்னால் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் மகள் மருத்துவமனையில் கிடக்கும் ஒரு தாயிடம், உங்கள் தொட்டியால்தான் வந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்வதா? நான் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அதிகாரியிடம் தனியாகச் சொன்னேன். அவர் ஏற்கெனவே வீடு வீடாகப் பார்க்க ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார். காய்ச்சல் உங்கள் தண்ணீரால் வரவில்லை என்றாலும் கடிக்கிற கொசு உங்கள் தண்ணீரில் இருந்துதான் வருகிறது, நானே பார்த்தேன் என்றார். அதை நானும் பார்த்திருந்தேன். ஓரத்துக் குட்டைகளில் புழுக்கள் கொதிப்பதுபோல் நெளிந்தன.

அடுத்த வாரம் எண்ணெய் அடிப்பதாக முடிவாயிற்று, வீடு கட்டிய நிறுவனமும் ஒத்துக்கொண்டது. முதலாளியிடம் சொன்னேன். விட்டுவிடு என்றார். அந்த நிறுவனத்தின் இன்னும் இரண்டு வேலைகள் எங்கள் கையில் இருந்தன. அவர்களோடு சண்டை போட அவருக்கு விருப்பமில்லை. நீ எதிர்த்துப் பேசுவதானால் உன் பெயரில் பேசு, நிறுவனத்தின் பெயரில் பேசாதே என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிலையில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

புரோகிராமை மறுபடி ஓட்டினேன். வறட்சியைப் போட்டேன், வெயிலைக் கூட்டினேன். கொசுப்புழுக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கணினிக்குள் இருந்த பூங்காவில் கொசு இல்லை. வெளியே இருந்த பூங்காவில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தாள். நாங்கள் இத்தனை வருடம் நம்பியது அடியோடு தப்பா, அல்லது அங்கே எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறதா? இதற்கு அவர் ஒருவரால்தான் பதில் சொல்ல முடியும். ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அவர் வீட்டில் யாரும் ஃபோனை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, எங்காவது போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி எடுத்தார். அதற்கு முன் அவரோடு நான் ஓரிரு வார்த்தைதான் பேசியிருக்கிறேன்.

"அக்கா, ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?"

எனக்கு யார் சொல்வார்கள்? நான் அவருக்கு உறவும் இல்லை, கூட வேலை பார்ப்பவளும் இல்லை. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், பேச்சு மட்டும் போய்விட்டது என்றார். எனக்கு நாற்காலியில் உட்காரவேண்டும்போல இருந்தது. ஃபோன் கம்பி எட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"என்னா விஷயம்க்கா? சொல்லுங்க, அவருக்குக் கேக்குது. நான் காதுல வெச்சிப் புடிச்சிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நோயாளியிடம் கொசுவைப் பற்றிப் பேசுவது முறையா என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்குள் ஃபோன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

சார், நான்தான் என்றேன். நலம் விசாரிக்க முடியவில்லை; பதில் சொல்ல முடியாதவரிடம் எப்படி விசாரிப்பது? அதனால் வேலையைச் சொன்னேன். கொசு, காய்ச்சல், எண்ணெய், எல்லாம். பிறகு எங்கள் வழக்கப்படி வரிசையாகத் தொடங்கினேன். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, சேறு எவ்வளவு, மரம் என்ன உயரம். ஒவ்வொன்றும் கணக்கோடு ஒத்துப்போகிறது என்றேன். அந்தப் பக்கம் மூச்சு சீராக வந்தது.

"கடல் ஏறுது சார். மதகு தொறந்திருக்கு. தண்ணியோட மீனு உள்ள வருது. வந்து புழுவைத் திங்குது."

"ம்," என்றார். தொண்டையிலிருந்து வந்த சத்தம். இன்னொரு தடவையும் அதே சத்தம்.

நான் நிறுத்தினேன். மீன் வருவதா சார் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பிறகு அவர் மனைவி ஃபோனை வாங்கிக்கொண்டார். அவர் ஏதோ சொன்னாரே என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அப்படித்தான்க்கா. தண்ணி வேணும்னாலும் அதே சத்தம்தான்."

அன்று பகல் முழுவதும் அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பதில் சொன்னாரா, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாரா? பதில் சொன்னார் என்று நம்பத்தான் ஆசை. அந்த ஆசையைக் கண்டுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்: பயந்திருக்கும்போது நாம் எதை வேண்டுமானாலும் பதில் என்று எடுத்துக்கொள்வோம். கணினியின் கோடாக இருந்தாலும் சரி, மதிக்கும் ஒரு மனிதரின் சத்தமாக இருந்தாலும் சரி. அதைப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் போய்ப் பார்க்கவேண்டிய இடம் எது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கடல் வற்றியிருந்த நேரத்தில் மதகுக்குப் போனேன். வழக்கமாகக் கரைமேல் நின்று, கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கன்றுகளை அளக்கப் போய்விடுவேன். அன்று கீழே இறங்கினேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால், கரைக்கு அடியில் தண்ணீர் உள்ளே போகும் குழாயின் உள்வாயில், நெருக்கமான கம்பிவலை ஒன்றை அடித்திருந்தார்கள். வலை முழுவதும் இலையும் பிளாஸ்டிக்கும் அப்பிக் கிடந்தன. கடல் பக்கம் மிச்சமிருந்த தண்ணீரில் விரல் நீள மீன்கள் கூட்டமாக நின்றன. உள்பக்கம் ஒன்றுகூட இல்லை.

காவலாளியைக் கேட்டேன். ஒரு பிள்ளை குழாய்க்குள் வழுக்கி விழப் பார்த்ததாம்; குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் பராமரிப்பு ஆட்கள் வலை அடித்தார்களாம். நியாயமான காரணம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கு அது ஒரு வலை. அதற்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம்?

மதியம் அலுவலகத்துக்குத் திரும்பி, மீன் உள்ளே வரும் அளவை மட்டும் குறைத்து ஓட்டினேன். கொசுப்புழுக் கோடு செங்குத்தாக ஏறியது. அலுவலகத்தில் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். சொல்வதற்கு யாரும் இல்லை.

கோடு ஏறியதும் நிரூபித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்துமுடிந்த ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதே விடை வரும்படி ஒரு எண்ணை மாற்றுவது சுலபம். வேறு ஏதாவது எண்ணை மாற்றியிருந்தாலும் அந்தக் கோடு ஏறியிருக்கும். எனக்குக் கிடைத்தது சாட்சி அல்ல, ஒரு சந்தேகம். ஆனால் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சந்தேகம். அந்த வலையைக் கழற்றிப் பார்க்கலாம்.

சுகாதார அதிகாரியிடம் போனேன். வலையை எடுத்துவிட்டு, பிள்ளைகள் நுழையமுடியாத, மீன் நுழையக்கூடிய இடைவெளியில் நிமிர்ந்த கம்பிகள் போடவேண்டும், பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம்வரை எண்ணெய் அடிக்கக்கூடாது என்று கேட்டேன். உறுதியாகச் சரியாகிவிடுமா என்றார். உறுதி இல்லை என்றேன். சரியாகவில்லை என்றால் மூடச் சொல்லி நானே உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். பெரிய ஏற்றம்வரை பொறுக்கிறேன், ஆனால் வீடுகளை ஒட்டிய குட்டைகளுக்கு நாளையே எண்ணெய் அடிப்பேன் என்றார். அந்தக் குட்டைகளைச் சுற்றித்தான் என் நல்ல கன்றுகள் இருந்தன. சரி என்றேன்.

பிறகு இன்னொன்று செய்தேன். பாக்கியத்தின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு விற்காமல் காலியாக இருந்தது. அனுமதி வாங்கி, ஒரு பாயும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு அங்கே குடிபோனேன். அந்த அம்மா மண்டபத்தில் சொன்னதற்கு எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

முதலில் பாக்கியம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மகளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு மாலை வேலியோரம் வந்து நின்றார்.

"கடிக்குதா?"

"கடிக்குதுக்கா."

"நல்லா கடிக்கட்டும் லா. அப்பத்தான் ஒனக்குத் தெரியும்."

மிஸ் என்பது போய் ஒருமை வந்திருந்தது. அதற்கடுத்த மாலை ஒரு குவளை தேநீர் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினார். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடித்தாள் என்றார். அந்தத் தேநீரை நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். உன்னை யாரும் தேடமாட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பெரிய ஏற்றம் நண்பகலை ஒட்டி வந்தது. கம்பிகள் முந்தின நாள்தான் பொருத்தப்பட்டிருந்தன. அதிகாரி வந்தார், பாக்கியமும் இன்னும் சிலரும் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல், குழாய் வழியாக உள்ளே ஏறியது. வெகுநேரம் குப்பையும் நுரையும்தான் வந்தன. என்னோடு வந்து நின்றவர்களில் சிலர் வெயில் தாங்காமல் போய்விட்டார்கள். பிறகு தண்ணீரின் மேற்பரப்பு மழைத்தூறல் விழுவதுபோலச் சிலிர்த்தது. மீன்கள். கம்பிகளுக்கு நடுவே புகுந்து, பாக்காவ் வேர்களுக்கு இடையே சிதறிப்போயின. அதிகாரி குனிந்து பார்த்தார். பாக்கியம், இத்துனூண்டு மீனா என்று மட்டும் கேட்டார்.

கொசு குறைந்தது. அற்றுப்போகவில்லை, ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஏற்றத்துக்குப் பின் சில நாட்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓரத்துக் குட்டைகளை மழையும் அலசிவிட்டது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, மீனா, மழையா, எது காரணம் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, மூடவேண்டிய அவசியம் இல்லை என்று எழுதிவிட்டார். பிறகு வேறு இடங்களில் நீர்நிலைப் பிரச்சினை வந்தபோதெல்லாம் என்னைக் கூப்பிட்டார். மீன்தான் என்று நான் அன்று அடித்துச் சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பாரா என்று தெரியாது. உங்களிடம் கருவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது எங்கே நின்றுவிடுகிறது என்று சொல்லத் தெரிந்திருங்கள். அங்கிருந்து மேலே போகும் முடிவு உங்களுடையது. அதற்குத் துணைக்கு ஆள் கேட்காதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டேன். நான் மட்டும் பேசுவேன். தண்ணீர், சேறு, மரம், உயிர்கள். சில நாள் அந்தச் சத்தம் வரும், சில நாள் வராது. கை வலிக்குமே என்று அவர் மனைவியிடம் ஒருமுறை சொன்னேன்.

"பரவால்லக்கா. மத்தவங்க எல்லாம் அவரைப் பார்த்து அழுவுறாங்க. நீங்க ஒருத்தர்தான் வேலையைப் பத்திப் பேசுறீங்க."

ஆண்டு விடுப்பில் பஸ் பிடித்து மலையைக் கடந்து அவரைப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மிகவும் இளைத்திருந்தார். நான் எதிரே போய் நின்று கைகூப்பினேன். அவர் என்னைப் பார்த்தார். யாரோ வந்திருக்கிறார்கள் என்ற மரியாதை மட்டும் கண்ணில் இருந்தது. அவர் மனைவி, பினாங்கு அக்கா, பினாங்கு அக்கா என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அவர் பார்வை ஜன்னல் பக்கம் போய்விட்டது. அவர் ஒரே ஒரு நாள் சோற்றுத் தட்டுக்கு எதிரே பார்த்த முகம் என்னுடையது. அதையும் நோய் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவ்வளவு தூரம் வந்தது தப்போ என்று நினைத்தேன்.

அவர் மனைவி தேநீர் போட உள்ளே போனார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, அவர் முகத்தைப் பார்க்காதபடி பின்னால் தள்ளிப் போட்டு, ஃபோனில் பேசுவதுபோல அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சார், நான்தான். போன வாரம் கடல் நல்லா ஏறிச்சி."

நாற்காலிக் கையில் கிடந்த அவருடைய இடது கை நிமிர்ந்தது. தலை என் பக்கம் திரும்பவில்லை, கேட்பதற்காகச் சாய்ந்தது. தேநீரோடு வந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் நிறுத்தாமல், சேறு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எண்ணெய் பட்ட கன்றுகளில் எவை துளிர்த்தன என்று சொல்லிக்கொண்டே போனேன். மீன் வரும் இடத்துக்கு வந்தபோது வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னேன். அன்று மாலை பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.